அடையாற்றுக் கேக்கும் உதகைக் கேக்கும்

டிசம்பர் மாதத்தில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வெளியூர்களிலிருந்து பல குடும்பங்கள் சென்னைக்கு வருகின்றன. தென்சென்னையில் உறவினர் வீடு இருந்துவிட்டால், பார்க்க வேண்டிய இடங்கள் அருகருகே அமைந்துவிடுகின்றன. கிண்டிப் பாம்புப் பண்ணை, கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கம், பெசன்ட் நகர்க் கடற்கரை ஆகியவற்றைச் சுற்றிவிட்டு மாலையில் அடையாற்றுக் கடைவீதிக்கு வந்தால், பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் ப்ளம் கேக்குகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கிறிஸ்துமஸ் பருவத்தில் சென்னைக்கு வந்தவர்கள் ஒரு துண்டாவது சுவைக்காமல் ஊர் திரும்புவது அரிது.

சுவைப்பவர் மனத்தில் சில கேள்விகள் எழக்கூடும். இட்லியைப் போலவே இதுவும் மெத்தென்று இருக்கிறதே, எப்படி? மேல்புறம் பழுப்பாக இருக்க, உள்ளே மஞ்சளாக இருப்பது ஏன்? இரவு ரயிலில் ஊருக்கு எடுத்துச் சென்றால் கெட்டுப் போகுமா? இன்னொரு கேள்வியும் உண்டு. சென்னையில் கேக் செய்யக் கற்றுக்கொண்ட ஒருவர், அதே அளவுக் குறிப்பை வைத்துக்கொண்டு உதகமண்டலத்தில் செய்து பார்த்தால், கேக் முதலில் பொங்கி எழுந்து பின்பு நடுவில் குழிந்துவிடுகிறது. மாவும் முட்டையும் அவைதாம், செய்தவரும் அவர்தாம். பின் எதனால் இப்படி? இக்கேள்விகளுக்கு விடை பள்ளி இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. அவற்றை இங்கே காண்போம்.

நம் நாட்டுக்கு வந்த கதை

ப்ளம் கேக்கில் ப்ளம் பழம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையையும் 'ப்ளம்' என்றே அழைத்தனர். அப்பெயர் கேக்கின் மீது தங்கிவிட்டது. இந்தியாவில் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தவர் தலச்சேரியைச் சேர்ந்த மம்பள்ளி பாப்பு என்பவர் என்று பரவலாகக் கூறப்படுகிறது. அஞ்சரக்கண்டியில் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் 1883ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த கேக்கைப் பாப்புவிடம் கொடுத்து, அதைப் போலவே ஒன்று செய்யச் சொன்னாராம். உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே பாப்பு அதைச் செய்து முடித்தார். தலச்சேரி அன்று மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபாரோ சென்னை ராஜதானியின் ஒரு பகுதி. ஆகவே இந்தக் கதையில் பழைய சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு எனலாம்.

முதலில் நுரை, பிறகு பஞ்சு

கேக்கின் மூலப்பொருள்கள் எளியவை: மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை. இந்நான்கையும் ஒவ்வொரு பவுண்டு எடுத்துச் செய்ததால்தான் 'பவுண்டு கேக்' என்ற பெயரே வந்தது. ஆனால், பட்டியலில் எழுதப்படாத ஐந்தாவது பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் காற்று.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைக்கும்போது சர்க்கரையின் கூரிய படிகங்கள் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துச் செல்கின்றன. முட்டையை அடிக்கும்போதும் இவ்வாறே காற்று புகுகிறது. முட்டையின் புரதங்கள் குமிழ்களைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிந்து அவற்றை உடையாமல் காக்கின்றன. இட்லி மாவிலோ நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்து இரவு முழுதும் வாயுவை உண்டாக்குகின்றன. கேக்கில் கையோ இயந்திரமோ சில நிமிடங்களில் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கேக் மாவு, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற குமிழ்களைக் கொண்ட ஒரு நுரை. ஓவனில் வைத்ததும் இக்குமிழ்கள் விரிவடைகின்றன. புதிய குமிழ்கள் தோன்றுவதில்லை. அடிக்கும்போது உண்டான குமிழ்களே பெரிதாகின்றன. சரியாக அடிக்காத மாவில் எவ்வளவு பேக்கிங் பவுடர் போட்டாலும், சில பெரிய துளைகள் கிடைக்குமே தவிர, சீரான மென்மை கிடைக்காது. அடிப்பதில் சோம்பல் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

சூடு ஏற ஏற முட்டைப் புரதம் உறைகிறது. மைதாவின் மாச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிக் கெட்டியாகிறது. குமிழ்களின் சுவர்கள் விறைப்படைகின்றன. அப்போது பல சுவர்களில் விரிசல் ஏற்பட்டு, குமிழ்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூடிய அறைகளைக் கொண்ட நுரை, திறந்த அறைகளைக் கொண்ட பஞ்சாக மாறிவிடுகிறது. கேக்கின் ஒரு துண்டைக் காப்பியில் தொட்டுப் பாருங்கள். காப்பி சரசரவென்று மேலே ஏறும். இது நுண்புழை ஏற்றம். அறைகள் மூடியிருந்தால் இது நடவாது. இட்லி சாம்பாரை உறிஞ்சுவதும் இதே முறையில்தான்.

சார்லஸ் விதி மட்டும் போதுமா?

"சூடாக்கினால் காற்று விரிவடையும், ஆகவே கேக் உப்புகிறது" என்று மாணவர்கள் சட்டென்று விடை கூறுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விடை போதாது என்பது விளங்கும்.

மாவில் 100 சி.சி. காற்று இருப்பதாகக் கொள்வோம். அறை வெப்பநிலை 27 டிகிரி செ., அதாவது தனி வெப்பநிலையில் 300. மாவின் வெப்பநிலை 80 டிகிரிக்கு உயரும்போது தனி வெப்பநிலை 353 ஆகிறது. சார்லஸ் விதிப்படி காற்றின் கனஅளவு 100 சி.சி.யிலிருந்து ஏறத்தாழ 118 சி.சி. ஆகும். பதினெட்டு விழுக்காடுதான் உயர்வு! ஆனால் பேக்கிங் பவுடரே சேர்க்காத ஸ்பாஞ்சு கேக்கும் நன்றாக எழும்புவதை நாம் காண்கிறோம். மீதி உயர்வு எங்கிருந்து வருகிறது?

நீராவியிலிருந்து வருகிறது. குமிழைச் சுற்றி ஈரமான மாவு இருப்பதால் குமிழுக்குள் எப்போதும் நீராவி நிறைந்திருக்கும். டால்ட்டனின் பகுதி அழுத்த விதியை இங்கே நினைவுகூர வேண்டும். குமிழுக்குள் இருக்கும் மொத்த அழுத்தம் வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அந்த அழுத்தத்தில் ஒரு பங்கை நீராவி தாங்குகிறது. மீதியைக் காற்று தாங்குகிறது. நீராவியின் பங்கு உயர உயர, காற்றின் பங்கு குறைய வேண்டும். அழுத்தம் குறைந்தால், பாயில் விதிப்படி, காற்றின் கனஅளவு பெருக வேண்டும்.

எண்களைப் பார்ப்போம். கடல் மட்டத்தையொட்டிய அடையாற்றில் வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். 27 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 27 மி.மீ. ஆகவே காற்றின் பங்கு 733 மி.மீ. 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 355 மி.மீ.க்கு ஏறிவிடுகிறது, காற்றின் பங்கு 405 மி.மீ. மட்டுமே. சார்லஸ் விதியையும் பாயில் விதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் நம்முடைய 100 சி.சி. குமிழ்கள்,

60 டிகிரியில் 133 சி.சி.,
80 டிகிரியில் 213 சி.சி.,
90 டிகிரியில் 379 சி.சி.

என்று வளர்கின்றன. 80 டிகிரிக்கு மேல் இவ்வளர்ச்சி எவ்வளவு வேகமாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாவிலுள்ள நீரில் சர்க்கரை கரைந்திருப்பதால் நீராவியின் அழுத்தம் உண்மையில் சற்றுக் குறைவாக இருக்கும். சுவர்களின் இழுவிசையும் தடுக்கும். சிறிது வாயு கசிந்தும் போகும். ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. கேக்கை உயர்த்துவதில் நீராவிக்கே பெரும்பங்கு உண்டு.

பேக்கிங் பவுடர் இதற்குத் துணை நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் மருந்துக்கடை நடத்திய ஆல்ஃபிரட் பேர்டு என்பவரின் மனைவிக்கு ஈஸ்ட் சேர்த்த ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காக ஈஸ்ட் இல்லாமலே மாவை உப்பச் செய்யும் பொடி ஒன்றை அவர் 1843ஆம் ஆண்டு தயாரித்தார். சமையல் சோடாவும் உலர்ந்த அமிலப் பொருளும் கலந்ததே அப்பொடி. ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. ஒரு கிராம் சோடா முழுவதும் அமிலத்துடன் வினைபுரிந்தால் சுமார் 290 சி.சி. வாயு கிடைக்கும். அமிலம் இல்லாமல் வெறும் சோடாவைச் சூடாக்கினால் இதில் பாதியே கிடைக்கும். சோடியம் கார்பனேட் மிஞ்சி நாக்கில் சவர்க்காரச் சுவையைத் தரும். வெறும் சோடாவை அள்ளிப் போடுவது பயன் தராது என்பது இதனால் விளங்கும்.

உதகையில் நடப்பது என்ன?

இப்போது உதகமண்டலத்துக்குச் செல்வோம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 2240 மீட்டர். அங்கே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 585 மி.மீ. பாதரசம்தான். தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு வசதியாக, அங்கும் 27 டிகிரியிலிருந்தே தொடங்குவோம். 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் எந்த ஊரிலும் 355 மி.மீ.தான், அது இடத்தைப் பொறுத்து மாறுவதில்லை. ஆனால் வெளியழுத்தம் 585 மி.மீ. மட்டுமே இருப்பதால், காற்றின் பங்கு 230 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. நம்முடைய 100 சி.சி. குமிழ்கள் 285 சி.சி. வரை விரிகின்றன. அடையாற்றில் அதே வெப்பநிலையில் 213 சி.சி.தான். 90 டிகிரியில் வேறுபாடு மலைக்க வைக்கும்: அடையாற்றில் 379 சி.சி.; உதகையில் 1,100 சி.சி.க்கும் மேல்! இவ்வளவு விரிவை எந்த மாவும் தாங்காது.

கேக்கின் தலையெழுத்து ஒரு போட்டியால் முடிவாகிறது. ஒரு பக்கம் குமிழ்கள் விரிகின்றன. மறு பக்கம் சுவர்கள் கெட்டியாகின்றன. சர்க்கரை மிகுந்த கேக் மாவில் சுவர்கள் உறுதிப்படுவதற்கு வெப்பநிலை 80 டிகிரிக்கு மேல் செல்ல வேண்டும். முட்டையின் வெண்கரு தனியாக இருந்தால் 62 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். சர்க்கரைதான் அதைத் தாமதப்படுத்துகிறது. அடையாற்றில் விரிவும் உறைவும் ஏறக்குறையச் சேர்ந்தே முடிகின்றன. உதகையிலோ சுவர்கள் உறைவதற்கு முன்பே குமிழ்கள் அளவுக்கு மீறி விரிந்து உடைகின்றன. வாயு வெளியேறிவிடுகிறது; கேக் நடுவில் குழிகிறது.

காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது. மலையூர்களில் பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும். குமிழ்கள் தொடக்கத்திலேயே சிறிதாக இருக்கும். சர்க்கரையைச் சற்றுக் குறைக்க வேண்டும். சுவர்கள் குறைந்த வெப்பநிலையிலேயே உறையும். மாவையோ முட்டையையோ சிறிது கூட்டலாம், சுவர்கள் வலுப்பெறும். ஓவனின் சூட்டைக் கொஞ்சம் அதிகமாக வைக்கலாம். உறைவு விரைவில் நிகழும். ஈரம் விரைவாக ஆவியாவதால் பாலையோ தண்ணீரையோ சிறிது கூட்டுவதும் உண்டு. பிறந்தநாளுக்கு வீட்டில் கேக் செய்து, அது குழிந்து போனதைக் கண்டு "எனக்குக் கைராசி இல்லை" என்று வருந்தும் மலையூர்த் தாய்மார்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். பிழை கையில் இல்லை, காற்றழுத்தத்தில் இருக்கிறது.

சமவெளியிலும் இதே போட்டியில் கேக் தோற்பதுண்டு. பாதி வெந்த நிலையில் "ஆகிவிட்டதா?" என்று ஓவனின் கதவைத் திறந்தால், உள்ளே குளிர்ந்த காற்று புகுகிறது. வெப்பநிலை சில டிகிரிகள் குறைந்தாலும் போதும். குமிழ்களில் உள்ள நீராவியின் ஒரு பகுதி நீராகிவிடுகிறது. 90 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு இறங்கினால் 379 சி.சி. 213 சி.சி.யாகச் சுருங்கும் என்பதை மேலே கண்டோம். சுவர்கள் இன்னும் உறையாத நிலையில் கேக் அமுங்கிவிடும். நடுப்பகுதி கடைசியில்தான் வேகும். காற்றுக் குமிழ்கள் நிறைந்த பொருள் வெப்பத்தை அரிதில் கடத்துவதே இதற்குக் காரணம். எனவே குழி எப்போதும் நடுவிலேயே விழுகிறது.

பழுப்பு நிறம்

ஓவனுக்குள் வெப்பநிலை 180 டிகிரி இருந்தாலும், கேக்கின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. நீர் இருக்கும் வரை, கிடைக்கும் வெப்பம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. மேற்புறத்தில் மட்டும் ஈரம் உலர்ந்து வெப்பநிலை மேலே ஏறுகிறது. ஏறத்தாழ 140 டிகிரியில் புரதத்தின் பகுதிகளும் சர்க்கரையும் விரைந்து வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் தருகின்றன. இவ்வினையை 1912ஆம் ஆண்டு விளக்கிய ஃபிரெஞ்சு அறிஞர் மையார் பெயரால் இது வழங்குகிறது. தோசை முறுகுவதும், ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இவ்வினையால்தான். நீராவியில் வேகும் இட்லியோ 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. ஆகவே வெளியிலும் வெள்ளையாகவே இருக்கிறது. ப்ளம் கேக் உள்ளேயும் கருமையாக இருக்கிறதே என்றால், அது கருக்கிய சர்க்கரைப் பாகு சேர்ப்பதால் வரும் நிறம்.

எதை ஊருக்கு எடுத்துச் செல்லலாம்?

விடுமுறை முடிந்து ஊர் திரும்பும்போது, "பாட்டிக்கு ஒரு கேக் வாங்கிச் செல்வோம்" என்று குழந்தைகள் கேட்பார்கள். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஓர் இரவுப் பயணம். க்ரீம் கேக் வாங்குவதா, ப்ளம் கேக் வாங்குவதா?

ஒரு பொருள் கெடுவதும் கெடாதிருப்பதும் அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த நீர் எவ்வளவு தளையின்றி இருக்கிறது என்பதையே பொறுத்தது. பொருளின் மீதுள்ள நீராவியின் அழுத்தத்தைத் தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை 'நீர்ச் செயல்பாடு' என்கிறோம். தூய நீருக்கு இது 1. பாலேடு போன்றவற்றுக்கு 0.97க்கு மேல். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருக முடியாது. பெரும்பாலான பூஞ்சைகள் 0.8க்குக் கீழே வளர முடியாது. சர்க்கரையும் உலர்ந்த பழங்களும் செறிந்த நல்ல ப்ளம் கேக்கில் இந்த எண் 0.8ஐ ஒட்டியே இருக்கும். நீர் இருந்தும், சர்க்கரை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகளுக்கு அது கிடைப்பதில்லை. ஊறுகாயும் பழப்பாகும் நெடுநாள் இருப்பதும் இவ்வாறே.

ஆகவே ப்ளம் கேக் தாராளமாக ரயில் ஏறலாம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பல நாள் இருக்கும். டப்பாவைத் திறந்தே வைத்தால் சென்னைக் கடற்கரைக் காற்றின் ஈரத்தை மேற்பரப்பு உறிஞ்சிக்கொள்ளும்; பூஞ்சைக்கு இடம் கொடுத்ததாகும். க்ரீம் கேக் வேறு சாதி. அது குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டியது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலை கிருமிகளுக்கு மிகவும் உகந்தது. அவ்வாறான உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாது; வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை. இரவு முழுதும் இருக்கைக்கு அடியில் இருந்த க்ரீம் கேக்கைக் காலையில் சிறுவர்களுக்குக் கொடுப்பது ஆபத்தான காரியம். பார்வைக்கும் மணத்துக்கும் அது நன்றாக இருப்பதே அதிலுள்ள ஏமாற்று. வாங்கிய அன்றே அடையாற்றிலேயே உண்டு முடிப்பது நலம்.

க்ரீம் இல்லாத சாதாரண கேக்கையும் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பாதுகாப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். வெந்து வீங்கிய மாச்சத்து மீண்டும் இறுகிப் படிகமாவது, குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையில்தான் மிக விரைவாக நடைபெறுகிறது. அதனால் கேக் வறண்டு விறைத்துவிடும். ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் கேக்குக்கு மூடிய டப்பாவே போதும்.

செய்து பாருங்கள்

கேக்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். கேக்கைத் தண்ணீரில் அமிழ்த்தி அளக்க முடியாது, ஊறிவிடும். இதற்குக் கடுகு கைகொடுக்கும். ஒரு பாத்திரத்தைத் தலை தட்டக் கடுகால் நிரப்பி, அக்கடுகைத் தனியே கொட்டி வையுங்கள். எடை தெரிந்த கேக் துண்டைப் பாத்திரத்தில் வைத்து, மீண்டும் தலை தட்டக் கடுகைக் கொட்டுங்கள். மிஞ்சும் கடுகின் கனஅளவே கேக்கின் கனஅளவு. பேக்கரி ஆய்வுக்கூடங்களிலும் இத்தகைய சிறு விதைகளைக் கொண்டே ரொட்டியை அளக்கின்றனர்.

உதாரணமாக, 100 கிராம் கேக்கின் கனஅளவு 250 சி.சி. என்று வருவதாக வைத்துக்கொள்வோம். துளைகளே இல்லாமல் அமுக்கிய கேக்கின் அடர்த்தி சி.சி.க்கு 1.3 கிராம் என்று கொண்டால், திண்மப் பொருள் 77 சி.சி.தான். மீதி 173 சி.சி., அதாவது நூற்றுக்கு 69 பங்கு, காற்று! ஸ்பாஞ்சு கேக், ப்ளம் கேக், இட்லி ஆகிய மூன்றையும் இம்முறையில் அளந்து, மூன்றின் அடர்த்தியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. சமவெளிக்கான அளவுக் குறிப்பின்படி ஒரு கேக்கும், சர்க்கரையையும் பேக்கிங் பவுடரையும் குறைத்து இன்னொரு கேக்கும் பெரியவர்கள் துணையோடு செய்து, இரண்டையும் கடுகால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளந்த பிறகு இரண்டையும் உண்ணலாம். இவ்வளவு சுவையான சோதனைக்கூடம் வேறெங்கும் கிடைக்காது.